அம்மா சொல்லாதது

வந்துவிடட்டும், தம்பி வந்துவிட்டால் நான் போய்விடலாம். உயிர் பிரிந்த அம்மாவின் பாதங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த தங்மாவீக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதா இதை நினைப்பது? துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

முன்னறையில் ஊர் கூடி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. கல்லறை மேட்டில் இளைஞர்கள் குழி வெட்டும் சத்தம். சமையலறையில் பக்கத்து வீட்டுக் கிம்மியின் குரல் எழுந்தது.

"அடிப்பாவி, எந்த டின்லேர்ந்துடி அரிசி எடுத்தே?"

"அடுப்புக்குப் பக்கத்துல இருந்துச்சே, சித்தி."

"அது சபை அரிசிடி! மிஷனுக்கு எடுத்து வச்சது. உள்ள படுத்திருக்கிறவ எழுந்து வந்து உன் காதைத் திருகப்போறா."

யாரோ சிரித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். தங்மாவீக்கும் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் அம்மா ஒரு பிடி அள்ளி அந்த டின்னில் போடுவாள். எல்லா வீட்டுப் பிடியையும் சபை சேர்த்து விற்கும். தம்பி ரின்சாங்காவைப் போன்றவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும். கம்போடியாவில், ஒழுகும் குடிசைகளில், எழுத்துத் தெரியாதவர்களுக்கு அவன் வேதாகமம் வாசித்துக்காட்டுகிறான். அம்மா அவனிடம் அவர்கள் கதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஒரு பிடி, ஒரு ஜெபம். படகு இழந்தவனுக்கு ஒரு பிடி, ஒரு ஜெபம். நினைவு தப்பிய பிறகும் அவள் உதடுகள் ஜெபத்தை முணுமுணுக்க, விரல்கள் போர்வையைப் பிடிபிடியாக அள்ளிக்கொண்டே இருந்தன.

தாய்மாமா கப்லியானா கைபேசியை உள்ளங்கையால் பொத்தியபடி வந்தார்.

"ரின்சாங்கா லைன்ல இருக்கான். அடக்கத்துக்கு வந்துசேர முடியாது, சரி. அப்புறமாவது ஒரேயடியா வந்துடணும். நம்ம வழக்கப்படி கடைக்குட்டி மகன் இருக்கவேண்டிய வீடும்மா இது. அவன் வராட்டி நீதான் இதைப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்."

"நீங்களே சொல்லுங்க மாமா."

"சொன்னேன். கடைசியா அம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்கறான். வீட்டுக்கு வந்துடச் சொன்னாங்கன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவான்." குரலைத் தாழ்த்தினார். "உனக்காகத்தான் சொல்றேன். ஆறு வருஷமா நீதானே இங்க கெடந்தே. லுங்லே டவுன்ல தையல் கடைக்கு உன் சிநேகிதி எத்தனை தடவை கூப்பிட்டா?"

ஒரே ஒரு வாக்கியம். இவள் போய்விடலாம். ஆனால் அந்தக் குடிசைகளில் அவன் வாசிப்பது நின்றுவிடும். அடுத்த ஆள் எப்போது வருவானோ. கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா? அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

அவள் கதவுவரை போனாள். திரும்பி வந்தாள். மாமா சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டினார்.

"ஒண்ணும் சொல்லலடா. ஜெபம் பண்ணிக்கிட்டே கண்ணை மூடிட்டாங்க."

மாமா அவள் முழங்கையைப் பிடித்தார். அவரைப் பார்த்து இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

மறுமுனையில் அவன் அழுதான். அவளுக்குப் புரியாத மொழியில் ஒரு கிழவி அவனைத் தேற்றிக்கொண்டிருந்தாள். தங்மாவீ கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.