உப்பு மூட்டை தொங்கிய கூரைகள்

வீடமைப்பு அலுவலகத்துக்குக் கமறியா கட்ட வேண்டிய நிலுவை முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். வருடம் முடிவதற்குள் கட்டாவிட்டால் வீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். வீட்டுச் செலவு போக உப்பளக் கூலியில் அதை மிச்சம் பிடிப்பதென்றால் இன்னொரு ஆயுள் வேண்டும். ஆகவே, புயல் வருகிறது என்று கேட்டதும் புத்தளத்துக் கடல்நீர்க் களப்பின் கரையில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

காரணம், மீன்பிடி ஊரான உடப்பிலிருந்து வந்திருந்த புதிய உத்தியோகத்தர் சாருமதி. முன்பெல்லாம் கூரை பறந்த பிறகுதான் அலுவலகம் அசையும். முறைப்பாட்டுக்கு ஒரு மேசை, பார்வையிட ஒரு மேசை, மதிப்பீட்டுக்கு ஒரு மேசை என்று தகரம் வந்து சேர அடுத்த மாரியும் வந்துவிடும். சாருமதி அதைத் தலைகீழாக்கினாள். எச்சரிக்கை வந்த உடனே, பறக்காதபடி கூரையை இறுக்கிக் கட்டு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குழு. நிலுவை உள்ளவரே குழுவுக்குப் பொறுப்பு.

"கூரை நிண்டா உங்கட நிலுவை முழுக்கக் கழியும், கமறியாக்கா. பறந்தா ஒண்டும் இல்ல. மேலிடத்துக் கையெழுத்தும் வாங்கிட்டன்."

விடிந்ததும் ஆலங்குடாவிலிருந்து பழைய கரைவலைகள் லொறியில் வந்தன. வலையைத் தகரக் கூரைமேல் விரித்து, ஓரங்களில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட வேண்டும். வலை வந்தது, கயிறு வந்தது, வெறுஞ்சாக்கும் வந்தது. மணல் மட்டும் தெருமுனையில் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே கிடந்தது. அது சனசமூகக் கட்டடத்துக்கு இறக்கியது. அதைத் தொடுவதற்கான அனுமதி புத்தளத்தில் இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருந்தது.

கமறியாவின் கணவனின் தம்பி நஜாத்துக்குப் பொறுமை கிடையாது.

"ஏன் மச்சி மணலுக்குக் காவல் நிக்கிற? அளத்தில ஹாஜியார்ட பழைய உப்பு மூட்டை கட்டினபடியே கிடக்கு. கல்லு மாதிரிக் கனம். சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்ல."

அளத்துச் சொந்தக்காரரான ஹாஜியாருக்கு அழைப்பு எடுத்தார்கள். "எடுங்க, எடுங்க. எனக்கும் இடம் கிடைச்ச மாதிரி" என்றார் அவர்.

பிறகு கேட்க வேண்டுமா! ஆண்கள் கூரையில் ஏற, பெண்கள் கயிற்றை வீச, வரிசை முழுவதும் கல்யாண வீடு போல இரைந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்தது. சாருமதி ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்த்து, சுவரில் சோக்கால் வட்டம் போட்டாள். "உங்கட வரிசைதான் முதல்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை.

தூறல் தொடங்கியது. தாழ்வாரத்தில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த கமறியாவின் உதட்டில் ஒரு துளி விழுந்தது. நக்கினாள். கரித்தது. மேலே பார்த்தாள். மூட்டையின் அடியிலிருந்து வெள்ளையாய் நீர் வடிந்துகொண்டிருந்தது.

"நஜாத், உப்புக் குவியலுக்கு ஏன் தென்னங்கிடுகு போடுறம்?"

"இதென்ன கேள்வி? மழையில கரையாம..." அவனும் மேலே பார்த்தான். "யா அல்லாஹ்."

அந்த வரிசையில் எல்லோரும் அளத்துக் கூலிகள். மழை படாமல் உப்பைக் காப்பதே அவர்கள் பிழைப்பு. அதனாலேயே நனைந்த உப்பு மூட்டையை ஒருவரும் கண்டதில்லை. அவசரத்தில் நினைத்துப் பார்க்கவும் இல்லை. பின்னேரம் புயல் வரும்போது வலையின் ஓரத்தில் வெறுஞ்சாக்குகள்தான் ஆடும். கூரை போனால் வீடும் போகும்.

ஓடிப்போய்ச் சாருமதியை அழைத்து வந்தாள். சாருமதி மூட்டையைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, முகமும் வெளிறியது. மேலதிகாரிக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு எடுத்தாள். பதில் இல்லை. மணல் குவியலைப் பார்த்தாள்.

"படங்கை இழுங்கோ. கடதாசி பிறகு வரட்டும். ஆராவது கேட்டா நான் சொன்னனெண்டு சொல்லுங்கோ."

சேலையைச் செருகிக்கொண்டு அவளே சாக்கை விரித்துப் பிடித்தாள். கமறியா மண்வெட்டியால் அள்ளிப் போட்டாள். கைமாற்றிக் கைமாற்றி மூட்டைகள் தெரு நீளத்துக்கு ஓடின. கொட்டிய உப்பில் தெருவே வெளுத்துப் போனது.

"மிஸ்ட பிடி சும்மா இல்ல" என்றான் நஜாத்.

"வலை இழுத்த ஆக்கள்ட பிள்ளை நான். கதையை விட்டுட்டுக் கட்டும்."

கமறியாவின் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் நெஞ்சு குதித்தது. இந்த வேகத்தில் அவள் ஒருநாளும் வேலை செய்ததில்லை. கடைசி முடிச்சு விழும்போது தென்னைகள் வளையத் தொடங்கியிருந்தன. எல்லோரும் பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடினார்கள்.

காற்று விடிந்த பிறகே ஓய்ந்தது. கமறியா முழங்கால் தண்ணீரில் விழுந்தெழும்பி வந்தாள். சந்தித் தேத்தண்ணிக் கடையின் கூரை களப்பில் மிதந்தது. அவள் வரிசையில் வலைகள் குப்பையும் ஓலையுமாய்க் கிடந்தன. அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் கூரை இருந்தது. அவளுடையதற்கும்.

சாருமதி செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து, ஒவ்வொரு வீடாகப் பார்த்தாள்.

"மணல் எடுத்ததுக்கு உங்களுக்கு ஏச்சா மிஸ்?"

"விளக்கம் கேட்டிருக்கினம். குடுப்பன். கூரை நிக்குது, அதைத்தான் எழுதப் போறன்." கைபேசியை நிமிர்த்திக் காட்டினாள். "உங்கட நிலுவை கழிஞ்சிட்டுது. இனிச் சதமும் இல்ல."

"அப்ப அடுத்த புயலுக்கு என்ட கடைக் கடனையும் போடுங்க மிஸ்" என்றான் நஜாத்.

கமறியா அவன் தலையில் ஒன்று போட்டாள். பிறகு தண்ணீர் நின்ற வாசலில் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள்.

"மிஸ், உள்ளுக்கு வாங்க. என்ட வீடு."