குரல் கேட்டு வரும் கிணற்று மீன்கள்

“ஸ்ரீரங்கத்துக் கெணத்து மீனு இருக்கே சார், ஆள் குரல் கேட்டா அடியிலேர்ந்து மேல வந்து, ஸ்கூல் பிள்ளைங்க பிரேயருக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்கும். நான் பழக்கி விட்டது.”

காத்தமுத்து இதைச் சொன்னபோது வடக்குச் சித்திரை வீதி முனைக் காபிக் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. காத்தமுத்துவின் பேச்சுக்கு டம்ளரைக் கீழே வைத்தால் காபி ஆறிப்போகும் என்பது அந்த வீதிக்கே தெரியும். ஏகாதசி தவறாமல் தென்னூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பெருமாளைச் சேவித்துவிட்டு, இந்தக் கடையில் ஒரு காபி குடித்து, ஊருக்கு ஒரு புளுகு விட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். ஏகாதசி விரதம் இருக்கும் கடைக்காரருக்கு அன்றைக்கு அதுதான் பலகாரம்.

கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் காத்தமுத்து. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கொசு இப்போது இருப்பதைப் போல நோஞ்சான் அல்ல. நாலு கொசு கூடினால், தூங்குகிற ஆளைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய்க் காவிரிக் கரையில் கிடத்திவிட்டு வரும். அதற்கும் முந்தி, ஐம்பதுகளில், யானைக்கால் நோய் தெருத் தெருவாகப் புகுந்தபோது, சாக்கடையில் எண்ணெய் தெளித்துப் பார்த்தார்கள், புகை போட்டுப் பார்த்தார்கள். கொசு அந்தப் புகையில் குளிர்காய்ந்துவிட்டுப் போனது. கடைசியில் யாரோ ஒரு டாக்டர் துரை மீனைக் கொண்டுவந்தார். விரலில் ஒரு கணு அளவே இருக்கும் மீன். கொசுப்புழு என்றால் அதற்குக் கல்யாண விருந்து. தொட்டியில் வளர்த்து, தகரக் குடத்தில் சுமந்து, வீடு வீடாகக் கிணற்றில் விட்டார்கள். காத்தமுத்து சேர்ந்தபோது அந்தத் தகரக் குடம் அவர் தோளுக்கு வந்தது. அதன் பிறகு ஸ்ரீரங்கத்தில் அவர் எட்டிப் பார்க்காத கிணறு இல்லை.

“ஓய் காத்தமுத்து,” என்றார் ராஜகோபாலன், டம்ளரை ஆற்றிக்கொண்டே. “கொசுவைக் கொன்னீர், சரி. மீனுக்கு டியூஷனும் எடுத்தீரா?”

ராஜகோபாலன் ஆடிட் ஆபீசில் இருந்தவர். எதையும் நம்பாமல் இருப்பதற்காகவே முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவர். இப்போது அதற்குத்தான் பென்ஷன் வாங்குகிறார்.

“எடுத்தேனே சார். உங்க வீட்டுக் கெணத்துலயும் விட்டிருக்கேன். உங்க அப்பா இருந்தாங்க. ‘என்னப்பா, பெருமாள் கிணத்துல மீனை விடறே’ன்னாங்க. ‘சாமி, காவேரியில மீனு இல்லையா, அந்தத் தண்ணியிலதானே பெரிய பெருமாளுக்கே திருமஞ்சனம் நடக்குது’ன்னேன். சிரிச்சுட்டு விடச் சொன்னாங்க.”

“அந்த மீன் ஆயுசு ரெண்டு வருஷம். நீர் விட்டு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“இப்ப இருக்கறது அதோட கொள்ளுப் பேரன், எள்ளுப் பேத்தி. நான் பாட்டனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அது வம்சத்துல இறங்கிடுச்சு. உங்க அப்பா பாசுரம் உங்களுக்கு இறங்கலையா?”

கடை முழுக்கச் சிரித்தது. ராஜகோபாலன் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த கொத்தனார் செபஸ்தியான் பக்கம் திரும்பி, “நாளைக்குக் காலம்பர பலகையைக் கொண்டுவந்துடுங்கோ. கிணத்தை மூடிடலாம்” என்றார்.

காத்தமுத்துவின் சிரிப்பு அப்படியே நின்றது. “எந்தக் கெணத்த சார்?”

விஷயம் இதுதான். அந்த வீதியில் இரண்டு வீட்டில் டெங்கு காய்ச்சல். சுகாதார ஆய்வாளர் ஷஹனாஸ் வந்து ஒவ்வொரு வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்துப் பார்த்தாள். திறந்த கிணறாக இருந்தால் மூட வேண்டும், இல்லாவிட்டால் மீன் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மீன் என்ற சொல்லைக் கேட்டதுமே ராஜகோபாலன் கான்கிரீட் பலகைக்குச் சொல்லிவிட்டார். பெருமாளை நீராட்டும் திருமஞ்சனத் தண்ணீரில் மீன் நீந்துவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருக்கிறது என்று காத்தமுத்து சொல்வதையும் நம்ப முடியவில்லை.

“மாமி என்ன சொல்றாங்க?” என்று கேட்டார் காத்தமுத்து.

“அவ நேத்திலேர்ந்து என்னோட பேசலை.”

காத்தமுத்து காபிக்குச் சில்லறையை வைத்துவிட்டு, கேட்காமலேயே அவர் பின்னால் நடந்தார்.

வேதவதி மாமி கிணற்றடியில்தான் இருந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தன் பெருமாளுக்குக் குழாய்த் தண்ணீரில் ஒரு நாளும் அவள் திருமஞ்சனம் பண்ணியதில்லை. மோட்டார் கூடாது என்று கயிறும் ராட்டினமுமாக இழுத்தவள். “வாங்கோ காத்தமுத்து,” என்றாள். “நீங்களே சொல்லுங்கோ. அந்தப் பொண்ணு கரண்டியால மொண்டு மொண்டு பாத்தா. தெருவுல எல்லார் ஆத்துக் கிணத்துலயும் புழு நெளியறது. எங்காத்துல ஒண்ணு கூட இல்லை. ஏன் இல்லை? குடத்துல ஏதோ மினுக்குன்னு ஓடறதுன்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்.”

“அது கண்புரை” என்றார் ராஜகோபாலன்.

“ஆபரேஷன் ஆனப்பறமும் ஓடறது.”

காத்தமுத்து கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தார். ஆழம் பாதாளம் வரை போயிற்று. இன்னும் கொஞ்சம் குனிந்தால் அமெரிக்காக்காரன் வணக்கம் சொல்லியிருப்பான். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. மீனுக்குரிய அறிகுறி ஒன்றும் இல்லை.

“சார், ஒரே ஒரு வார்த்தை. நாளைக்குக் காலையில நான் வரேன். கூப்பிடுறேன். மீனு வந்துட்டா பலகை வேணாம். வரலைன்னா நானே ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கி மூடி விடுறேன்.”

“பெருமாள் கிணத்துல மீன் எதுக்கு?”

“ஏன், பெருமாளே ஒரு தரம் மீனா வந்தவர்தானே” என்றாள் மாமி. “அவருக்கு ஆட்சேபணை இல்லை. உங்களுக்குத்தான்.”

மீன் வராது என்பதில் ராஜகோபாலனுக்கு அவ்வளவு நிச்சயம் இருந்ததால், “சரி” என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் காத்தமுத்துவுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தும் காவிரி கண்ணில் படவில்லை. மீனை விட்டது சத்தியம். இன்னும் இருக்கும் என்பதிலும் சந்தேகம் அதிகமில்லை. புழு இல்லாத கிணற்றில் வேறு யார் உட்கார்ந்து தின்கிறார்கள். ஆனால் கூப்பிட்டால் வரும் என்று சொன்னது, காபி சூடாக இருந்ததால் வந்த வார்த்தை. இத்தனை வருஷம் அவர் விட்ட புளுகில் ஒன்றைக் கூட யாரும் நிரூபித்துக் காட்டச் சொன்னதில்லை. அந்த மரியாதையை ஊர் இப்படித் திடீரென்று எடுத்துவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தன் மானம் போனால் போகட்டும், தென்னூருக்கு அது வந்து சேர நாளாகும். மாமியின் கிணறு போய்விடுமே என்பதுதான் கவலை.

மறுநாள் அவர் போய்ச் சேர்ந்தபோது ஸ்ரீரங்கமே அந்தக் கொல்லைப்புறத்தில் இருந்தது. உறையூரிலிருந்து ஆள் வந்திருந்ததாகக் கூடக் கேள்வி. காபிக் கடைக்காரர் கடையைப் பையனிடம் கூட விடாமல் பூட்டிவிட்டே வந்திருந்தார். செபஸ்தியான் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஷஹனாஸ் டார்ச்சோடு நின்றாள்.

“ஐயா, உங்களைப் பத்தி எங்க ஆபீஸ்ல இன்னும் பேசுவாங்க” என்றாள்.

“நல்லபடியாவா?”

“சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க.”

காத்தமுத்து பழைய தகரக் குடத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்திருந்தார். அதை ஒரு குச்சியால் தட்டி, அந்தக் காலத்தில் வீதி வீதியாகக் கூவிய அதே ராகத்தில் கூப்பிட்டார். “மீனு வந்திருக்கு, கெணத்தத் தொறங்க.” கோபுரத்துப் புறாக்கள் எழுந்து சமயபுரம் வரை போய் உட்கார்ந்தன. கிணறு அசையவில்லை.

இன்னொரு தரம் கூப்பிட்டார். ஷஹனாஸ் டார்ச் அடித்தாள். கறுப்புத் தண்ணீரில் வட்டமாக வெளிச்சம் மட்டும் மிதந்தது.

“லீவு போலிருக்கு” என்றார் ராஜகோபாலன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ரிடையர் ஆன நாளில் கூட யாரும் பார்த்ததில்லை.

“ஆள் கூட்டம் சார். கூச்சப்படுது.”

“நேத்திக்கு பிரேயர்னீர்.”

மூன்றாவது தரம் காத்தமுத்துவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாமி ராட்டினத்திலிருந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்க மாட்டாமல் காத்தமுத்து குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பலகையின் ஒரு முனையைப் பிடிக்கப் போனார். சொன்ன வார்த்தை.

“கொஞ்சம் இருங்கோ” என்றார் ராஜகோபாலன். “என் காரியம் ஒண்ணு பாக்கி இருக்கு. வேதா, அந்த நொய்யை எடுத்துண்டு வா.”

“கிணறே இல்லைன்னப்பறம் நொய் எதுக்கு” என்றாள் மாமி. அதனால்தான் காலையில் அவள் எடுத்து வைக்கவில்லை.

“அப்பா பண்ணினது. கடைசியா ஒரு தரம் பண்ணிடறேன்.”

அது அந்த வீட்டு வழக்கம். பொழுது விடிவதற்கு முன்னால், இருட்டோடு, பெருமாளுக்கு முதல் நாள் சாத்திய துளசியைக் களைந்து, கால் படாத இடம் என்று, பாசுரம் சொல்லிக் கிணற்றில் சேர்ப்பார் ராஜகோபாலன். கூடவே அரிசி புடைத்ததில் விழுந்த நொய் ஒரு சிட்டிகை. எறும்புக்குக் கோலமாவு மாதிரி கிணற்றுக்கு இது என்று நினைத்திருந்தார். அப்பா போட்டார், இவரும் போடுகிறார். ஏன் என்று இவர் கேட்காமல் விட்ட கேள்வி உலகத்திலேயே இது ஒன்றுதான்.

மாமி துளசியையும் நொய்யையும் கொண்டுவந்து கொடுத்தாள். ராஜகோபாலன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாசுரத்தை எடுத்தார். அவர் குரல் மைக் இல்லாமல் கொள்ளிடத்தைத் தாண்டி அக்கரை ஆட்களை எழுப்பக்கூடியது.

முதல் அடி முடியவில்லை. அடியில் ஏதோ ஒரு புள்ளி மின்னியது. பிறகு பத்து, பிறகு நூறு. கறுப்பாகக் கிடந்த தண்ணீர் முழுக்க யாரோ ஊசிகளை அள்ளிக் கொட்டிய மாதிரி ஆயிற்று. காத்தமுத்துவின் கணக்குப்படி ஒரு லட்சத்துக்குக் குறையாது. எல்லாம் வாயை மேலே தூக்கிக்கொண்டு, குரல் வந்த பக்கத்துச் சுவரோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இன்னும் துளசி விழவில்லை, நொய் விழவில்லை. கை மூடியேதான் இருந்தது.

செபஸ்தியான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஷஹனாஸ் டார்ச்சை அணைக்க மறந்து நின்றாள். மாமி கையில் பாதி அவிழ்ந்த கயிறு.

ராஜகோபாலன் பாசுரத்தை முழுக்கச் சொல்லி முடித்து, துளசியையும் நொய்யையும் போட்டுவிட்டு, கண்ணைத் திறந்தார். ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன?” என்றார்.

“எட்டிப் பாருங்கோ” என்றாள் மாமி. முந்தாநாளிலிருந்து அவள் அவரைப் பார்த்துக் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை.

எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒவ்வொரு பொடி நொய்க்கும் கீழே பத்து வாய் சண்டை போட்டது.

காத்தமுத்துவுக்குத் தொண்டை அந்த நிமிஷமே சரியாகிவிட்டது. “அதான பாத்தேன். உங்க அப்பாகிட்ட நான்தான் சொன்னேன், சாமி, தினம் ஒரு தரம் பாடிக் காட்டுங்க, மறந்துடாமன்னு. ஆனா சார், கவர்மெண்டு மீனுக்கு இப்படித் தீனி போட்டது தப்பு. பசி இருந்தாத்தான் புழுவைத் திங்கும்.”

“அதையும் தின்னுருக்கு, இதையும் தின்னுருக்கு” என்றாள் மாமி. “இந்தாத்து மீனில்லையா. பலகாரம் வேற, சாப்பாடு வேற.”

ஷஹனாஸ் சாக்கட்டியை எடுத்து, வாசல் சுவரில் ‘மீன் உள்ள கிணறு’ என்று பெரிதாக எழுதினாள். செபஸ்தியான் பலகையைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல், துணி துவைக்கிற இடத்தில் போட்டுக் கொடுத்தார். மாமி கயிற்றை மறுபடியும் ராட்டினத்தில் கோத்து, முதல் வாளியை இழுத்தாள். அதில் ஏதோ மினுக்கென்று ஓடியது. “கண்புரை” என்று சொல்லிக்கொண்டே அதைத் திரும்பக் கிணற்றில் விட்டாள்.

கூட்டம் கலையவில்லை. ராஜகோபாலன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் போவதில்லை என்று நின்றது. காபிக் கடைக்காரர்தான் கேட்டுவிட்டார். “மாமா, காத்தமுத்து சொன்னது நடந்துதா, இல்லையா?”

ராஜகோபாலன் இன்னொரு தரம் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஆடிட் ஆபீஸ் கடைசியாக ஒரு ஓட்டையைத் தேடியது.

“வரிசையா நிக்கலை” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஆனா குரல் கேட்டுத்தான் வந்துது. நடந்தது வாஸ்தவம்.”