படகோட்டிக்கு இன்னொரு தொண்டை

1

கணவர் மேல் உள்ள அன்பில் இந்தக் கதையை எழுதுகிறேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். பொறாமையில்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் அது அவருடைய பொறாமை என்று நினைத்தேன். அடுத்தவர் பொறாமை என்றால் எழுதுகிறவளுக்கு நடை தானாக வரும்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

ஒரு நதி, ஒரு படகு, குரலை இழந்து கரையில் நிற்கும் ஒரு

அடித்துவிட்டேன். அழகாக வந்துகொண்டிருந்தது, அதனால்தான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் வீடியோ கேம்களுக்கு வசனம் எழுதுகிறவள். வெள்ளம் சூழ்ந்த ஊரில் மக்களைக் கரை சேர்க்கும் படகோட்டி என் பாத்திரம். முதல் பாகம் வந்ததுமே அவன் ஆடுகிறவர்களுக்கெல்லாம் செல்லப்பிள்ளையாகிவிட்டான். காரணம் என் வசனமல்ல, குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனை ஸ்டுடியோவில் 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவோம். "ஏறிக்கோ, பயப்படாதே" என்று நான் எழுதிய இரண்டு சொல்லை அவன் சொன்னால் கரையில் கிடக்கும் கல்லும் எழுந்து படகில் ஏறும்.

(என் கணவரும் குரல் நடிகர்தான். முதல் பாகத்தில் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிற அத்தனை பேரும் அவர். படகோட்டி காப்பாற்றாமல் விட்டவர்களெல்லாம் என் வீட்டுக்காரர் என்று குடும்பத்தில் ஒரு சிரிப்பு உண்டு. அவர் மட்டும் சிரிப்பதில்லை.)

2

எங்கள் ஒலிப்பதிவாளர் சின்ன வயதுப் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெண்கலம் மைக் முன்னால் நிற்பான். இந்தப் பக்கம் அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இயக்குநர் எழுந்து வெளியே போகும்போதெல்லாம் அவன் படகோட்டியின் குரலிலேயே அவள் காதுக்குள் பேசியிருக்கிறான். என்ன பேசினான் என்பதை எழுத எனக்குக் கை வராது. "ஏறிக்கோ, பயப்படாதே"யும் அதில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு நாள் அவன் பேசியதை அவள் பதிவு செய்துவிட்டாள். அந்தப் பதிவை நிர்வாகம் போட்டுக் கேட்டது. அவனை வெளியே அனுப்பியது. இரண்டாம் பாகத்துக்கு வேறு குரல் தேடிப் பலரைப் பேசவைத்துப் பார்த்தார்கள். வாய்ப்பு என் கணவருக்கு வந்தது. (நான் சிபாரிசு செய்யவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும்.)

"கெடச்சிருச்சு," என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"இயக்குநர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஆளு வேற, குரல் அதே. ஆடுறவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது'ன்னார். அதுக்கு நான் எதுக்கு? எதிரொலிக்கு வேலை குடுத்திருக்கலாமே."

3

கேவலப்பட்டுப் போனவனைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படுவாரா? படுவார். என் வீட்டில் பார்த்தேன்.

குரல் மாறப் போகிற செய்தி வெளியானதும் ஆட்டக்காரர்கள் எழுதிக் குவித்தார்கள். எல்லாம் ஒரே வாக்கியம்: 'அவன் செய்தது அயோக்கியத்தனம், ஆனா அந்தக் குரல்...' என் கணவர் அந்த 'ஆனா'வில் தினமும் தடுக்கி விழுந்தார்.

"அவனைத் திட்டுறவன்கூட அவனுக்காக அழுறான். என்னைத் திட்டக்கூட நாதி இல்ல," என்றார்.

குளியலறையில் வெண்கலம். காய் நறுக்கும்போது வெண்கலம். பழைய பாகத்தை ஓடவிட்டு, நிறுத்தி, தொண்டையை அவன் தொண்டை மாதிரி வளைக்கப் பார்த்தார். நான் நல்லாயிருக்கு என்றால் பொய் என்றார். இல்லை என்றால் சாப்பிடாமல் எழுந்து போனார்.

4

வசனத்தில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொடுக்க, பதிவுக்கு நானும் போவேன். ஒரு நாள் அப்படிப் போயிருந்தேன். காலையிலிருந்து அவருக்கு அந்தக் குரல் வரவில்லை. தேநீர் குடித்தார், கழுத்தைத் திருப்பினார், மறுபடி நின்றார். திடீரென்று வந்துவிட்டது. முழுசாக, அச்சாக, வெண்கலமே வந்து நின்ற மாதிரி.

"ஏறிக்கோ, பயப்படாதே."

இயக்குநர் துள்ளி எழுந்தார். என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் குரலை விட மனமில்லாமல், அதிலேயே மைக்கில் கேட்டார்: "எப்படிம்மா இருக்கு?"

ஒலிப்பதிவுப் பெண் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

[இந்த இடத்தில் அவளை எனக்கு எழுதவே வரவில்லை. முதல் பிரதியில் அழ வைத்தேன். அவள் அழவில்லை. இரண்டாவதில் அவளுக்குப் பெரிய, கலங்கிய கண்களைக் கொடுத்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.]

வெளியே நடைவழியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வெறும் தம்ளரோடு நின்றிருந்தாள். அவர் பின்னாலேயே போனார். நான் கதவருகில் நின்றேன்.

"என்னம்மா, மோசமா இருந்துச்சா?"

"இல்லண்ணா. அப்படியே இருந்துச்சு."

அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. ஒரு கணம்தான். நான் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

"அந்தாளையும் அண்ணான்னுதான் கூப்பிட்டேன்," என்றாள். "இனிமே உங்களை சார்னே கூப்பிடுறேன்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் சாய்ந்துகொண்டார். தன் சொந்தக் குரலில், "வேற மாதிரி பேசுனா நீ வந்து உக்காருவியா?" என்றார்.

"எனக்காக எதையும் மாத்தாதீங்க. இந்த வேலை உங்களுக்குப் போயிடும்."

"உனக்காக இல்லம்மா. அவனை ஜெயிக்கணும்னு கெடந்தேன். ஜெயிச்சா அவனாத்தான் ஆகணும்போல இருக்கு."

5

அவள் வந்து உட்கார்ந்ததும், திரும்பிப் போய்த் தன் குரலில் பேசினார். கொஞ்சம் கரகரப்பு, நடுவில் மூச்சு வாங்கும். கட்டளை மாதிரி இல்லை, தானும் பயந்தவன் சொல்வது மாதிரி இருந்தது. இயக்குநர் தலையில் கை வைத்தார்.

"நல்லா வந்ததை ஏன்யா கெடுக்குற?"

"அது இனிமே வராது சார்."

பொய். வரும். இன்னமும் வரும். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த வசனத் தாளைப் புரட்டினேன். அந்தப் பெண்தான் ஹெட்போனைக் கழற்றாமலே, "இதை வெச்சுக்கலாம் சார். இல்லன்னா வேற ஒலிப்பதிவாளரைப் பாத்துக்குங்க," என்றாள். நிர்வாகத்தோடு பேசி, முனகி, இயக்குநர் ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் என் பொறாமை தொடங்கியது.

தினமும் வேலை முடிந்து வந்து சொல்வார்: "அந்தப் பொண்ணு சொன்னா, 'பயப்படாதே'க்கு முன்னாடி மூச்சை விட்டுருங்க சார்னு. என்ன காது அதுக்கு!" கல்யாணமானதிலிருந்து நானும் இதைத்தான் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள் என்று. நான் சொன்னால் நச்சரிப்பு, அவள் சொன்னால் நுணுக்கம்! அவர்களுக்குள் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்றுமில்லாத இடத்தில்தான் பொறாமை சௌகரியமாகக் குடியிருக்கிறது, காலி செய்யச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்காது. அந்தப் பெரிய கண்கள் அங்கிருந்து வந்தவை. அவளுக்கு எல்லோருக்கும் இருப்பது போன்ற கண்கள்தான். இப்போது திருத்திவிட்டேன்.

6

முடிவு.

வெண்கலம் வந்து மன்னிப்புக் கேட்பதாக ஒன்று எழுதினேன். அவன் கேட்கவில்லை, கேட்கிற ஆளுமில்லை. புதுப் படகோட்டியை எல்லோரும் கொண்டாடுவதாக ஒன்று. அதுவும் இல்லை. இரண்டாம் பாகம் வந்ததும் பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் பாகத்துக்கும் என் கணவரையே கேட்டிருக்கிறார்கள், வேறு வழியில்லை என்கிற தொனியில். அவளே ஒலிப்பதிவு. இன்னும் 'சார்'தான்.

நேற்று மத்தியானம் இதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முழுவதும் படித்தார்.

"உனக்குப் பொறாமையா? அந்தப் பொண்ணு மேலயா?" என்று சிரித்தார். பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு.

"இருந்துச்சு."

"சரி, நான் ஒண்ணு கேக்கட்டா?" சிரிப்பு போயிருந்தது. "இப்ப மூணாவது பாகம் எழுதுறியே. படகோட்டி பேசுறதை எழுதும்போது உன் காதுல யார் குரல் கேக்குது?"

நான்

இல்லை. அதை எழுத மாட்டேன். எனக்குப் பதில் தெரியும். இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு என்ன சொல்லலாம் என்று நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். நான் எந்த முடிவை எழுதினாலும் அவர் படித்துவிடுவார்.