இசப்கோலும் இரண்டு மடக்குத் தண்ணீரும்

எதிரே லாரி வந்தால்கூட அசராத பஸ் டிரைவர், சில மாதங்களாகக் கழிப்பறைக் கதவைப் பார்த்தாலே நடுங்கினார். பதினெட்டு வருடம் ஒரே இருக்கையில் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பரிசு, மூலமும் மலச்சிக்கலும். மலத்தை இளக்க, டாக்டர் இசப்கோல் உமி எழுதிக் கொடுத்தார்.

"ரெண்டு மாசம் பாப்போம். கேக்கலேன்னா ஆபரேஷன்தான். அப்புறம் வண்டி ஓட்டுற நெனப்பை விட்டுட்டு ஆபீஸ்ல உக்காருங்க."

வண்டியை விடுவதா? டிரைவருக்கு அடிவயிறு கலங்கியது. கலங்கியதோடு சரி, வேறொன்றும் நடக்கவில்லை. மூன்று வாரம் ஒரு நாள் விடாமல் உமியை விழுங்கியும், வயிறு முன்னைவிடக் கல்லாகத்தான் இருந்தது.

ஒரு காலை, டிப்போவில் அவர் இரண்டு மடக்குத் தண்ணீரோடு உமியை விழுங்குவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். பதினொரு வருடக் கூட்டாளி அவர்.

"என்னண்ணே, இவ்வளவுதான் தண்ணியா?"

"நெறைய குடிச்சா பாதி வழியில முட்டும்டா. அம்பது பேரை உக்கார வெச்சிட்டு எங்க ஓடுறது?"

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கழுவாமல் கிடந்த நேற்றைய டம்ளரை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் தங்கிய உமி, இருந்த தண்ணீரை எல்லாம் உறிஞ்சி இறுகிப்போய், விழ மாட்டேன் என்றது.

"உங்க வயித்துலயும் இந்தக் கூத்துதான் நடக்குது. ரெண்டு டம்ளர் முழுசா குடிங்க. முட்டினா நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து ஐந்தாவது நிறுத்தத்தில் கண்டக்டர் விசிலடிப்பார். "டயர் பாக்கணும், அஞ்சு நிமிஷம்!" டிரைவர் அங்கிருந்த பெட்ரோல் பங்கின் பின்பக்கம் ஓடுவார்.

பத்தாம் நாள் காலை கழிப்பறையிலிருந்து அவர் வெளியே வந்த முகத்தைப் பார்த்து, மனைவி பதவி உயர்வா என்று கேட்டாள். கெடு முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "ஆபரேஷன் வேணாம். வண்டி ஓட்டுங்க. தண்ணியை மட்டும் விட்டுடாதீங்க."

அடுத்த வாரம் கண்டக்டர் விடுப்பு எடுத்தார். வந்த புதியவருக்கு எதுவும் தெரியாது. சொல்ல டிரைவருக்கு வெட்கம். ஐந்தாவது நிறுத்தத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டார்.

பின்னாலிருந்து, தினமும் வரும் டீச்சரம்மாவின் குரல் கேட்டது. "என்ன டிரைவர், இன்னிக்கு டயர் பாக்கலியா?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாளும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

"போயிட்டு வாங்க. நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். அன்றுதான் முதல்முறையாக, ஓடாமல் நடந்து போனார்.