ஐந்தாவது வரி

ஐந்தாவது வரி வந்ததும் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டோம். குழுவில் பதினோரு பேர். கொழுந்தன் மட்டும் தாளம் விட்டுப்போகாமல் மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். வரிக்கு எட்டுத் தட்டு. அந்த ஐந்தாவது, என் வீட்டுக்காரருடைய வரி. பஞ்சாலையில் அவர் எலக்ட்ரீஷியன், ஆலையின் பாட்டுக் குழுவில் தனிக்குரல். நாட்டில் சண்டை நடந்த மூன்றாம் வருடம் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. சண்டை ஓய்ந்து குழு மறுபடி கூடியபோது அந்த வரியை யார் பாடுவது என்ற பேச்சு வந்தது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். அப்படியே விட்டுவிட்டோம்.

எனக்கு அது காலி இடம் இல்லை. வீடு எரிந்தபோது அவர் குரல் பதிந்திருந்த போனும் போய்விட்டது. ஆனால் வாரம் ஒருமுறை, அந்த எட்டுத் தட்டுக்குள், கண்ணை மூடினால் அவர் பாடுவார். பெரிய பாடகர் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசிச் சொல்லில் மூச்சு போதாமல் சுருதி இறங்கும். இறங்கியது தெரிந்ததும் இன்னும் சத்தம் போட்டு மறைக்கப் பார்ப்பார். நான் கேலி செய்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் குறையோடு சேர்த்தே எனக்குக் கேட்கும்.

அன்றைக்கு ஆலையின் புதுக் கூடத்தில், பெயிண்ட் வாசனை போகாத மேடையில், கடல் கடந்து வந்த ஒரு பாட்டுக் குழு எங்களோடு நின்றது. கலாசாரப் பரிமாற்றமாம். அவர்கள் பாட்டை நாங்களும் எங்கள் பாட்டை அவர்களும் அவரவர் ஊரில் ஆறு மாதம் பழகி, கடைசியில் நேராக மேடையில் சேர்ந்து பாட வேண்டும். மொழிபெயர்ப்பாளப் பெண் எங்கள் பாட்டைச் சுரக் குறிப்போடு முன்னமே அவர்களுக்கு அனுப்பியிருந்தாள். எட்டு வரியும் அதில் இருந்தன. ஐந்தாவதை நாங்கள் பாடுவதில்லை என்று அவளிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது.

நாங்கள் நின்றதும் விருந்தாளிகளும் தடுமாறி நின்றார்கள். ஒரே ஒருவன் மட்டும் நிற்கவில்லை. அவர்கள் நடுவே தலை தனியாகத் தெரிந்ததால் வந்து இறங்கியதுமே நாங்கள் நெட்டையன் என்று பெயர் வைத்திருந்த பையன். வரி மறந்து மேடையில் முழிக்கிறோம் என்று நினைத்துவிட்டான், பாவம். எங்கள் மானத்தைக் காப்பாற்ற இரண்டாவது தட்டில் குரலெடுத்தான். நம் மொழியை வாயில் போட்டு ஆறு மாதம் மென்றிருக்கிறான். ஓர் எழுத்து பிசகவில்லை. கடைசிச் சொல்லில் அவனுக்கு மூச்சும் வாங்கவில்லை, சுருதியும் இறங்கவில்லை. கூடமே கைதட்டியது.

அவனிடம் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் முகம் வெளுத்துப்போய் மொழிபெயர்ப்பாளப் பெண்ணோடு என்னிடம் வந்தான்.

"தெரியாம பாடிட்டாராம். மன்னிச்சுக்கணுமாம்" என்றாள் அவள்.

"நல்லா பாடினார்னு சொல்லும்மா."

பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த வாரம் பயிற்சிக்குக் கூடினோம். ஐந்தாவது வரியில் கண்ணை மூடினேன். நெட்டையன் பாடினான். இன்னொரு முறை பாடலாம் என்று கெஞ்சிக் கேட்டேன். மறுபடியும் அவனேதான், பிசகே இல்லாமல்.

எல்லோரும் போன பிறகு கொழுந்தனைப் பிடித்து நிறுத்தினேன். ஒரே இரத்தம், ஏறக்குறைய ஒரே குரல்.

"தம்பி, கடைசிச் சொல்லை உங்க அண்ணன் எப்படி இறக்குவார்? ஒரே ஒரு தடவை பாடிக் காட்டேன்."

மேளத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. "எனக்கு அது எப்பவோ மறந்துபோச்சு அண்ணி."

"அப்ப வாராவாரம் அந்த இடத்துல உனக்கு என்னதான் கேக்கும்?"

"ஒண்ணும் கேக்காது. தாளம் தப்பிடக் கூடாதேன்னு எண்ணிக்கிட்டிருப்பேன்."

அவன்மேல் கோபம்கூட வரவில்லை. இத்தனை நாள் பதினோரு பேரும் சேர்ந்து அவரைக் கேட்கிறோம் என்று நம்பியிருந்தேன். நான் ஒருத்திதான் கேட்டிருக்கிறேன். இப்போது என்னிடமும் இல்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அதற்கடுத்த வாரம் ஐந்தாவது வரி வந்தபோது நான் கண்ணை மூடவில்லை. சுற்றிலும் எல்லோரும் கண்ணை மூடி, தலை குனிந்து நின்றார்கள். கொழுந்தனின் உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து. என் உதடும் அவனோடு சேர்ந்து அசைந்தது.