பதினொரு படங்கள்

வழக்குத் தவணைக்கு ஆறு நாள் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வினோஜா தான் வேலை செய்த கூட்டுறவுக் கடையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, பண்டத்தரிப்பிலிருந்து மருதனார்மடத்துக்கு பஸ் ஏறினாள். சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் ஸ்ரெல்லா படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். அடையாள அட்டைப் படம், கல்யாண அல்பம், போட்டோக்கொப்பி எல்லாம் அங்கே நடக்கும். பெண் ஒருத்தி நடத்தும் கடை என்பதால்தான் வினோஜா அங்கே போனாள். அவள் அச்சடிக்க வேண்டியிருந்த படங்களை ஓர் ஆணிடம் காட்ட முடியாது.

மொத்தம் பதினொரு படங்கள். நாலு வருடத்தில் எடுத்தவை. ஒன்றில் தோள்மூட்டு, ஒன்றில் காதுக்குக் கீழே, ஒன்றில் முதுகு. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து அவளே எடுத்தவை. போனில் அவற்றை "சமையல்" என்று பெயரிட்ட ஒரு தொகுப்பில் போட்டிருந்தாள். சமையல் என்ற பெயரைக் கண்டால் அவள் கணவன் குகதாசன் அதைத் திறக்கமாட்டான்.

ஏழு மாதத்துக்கு முன்பு வவுனியாவில் அவனுடைய வீட்டை விட்டு, ஆறு வயது ஜெயனியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவன் அவளையும் பிள்ளையையும் நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை கொடுத்திருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியக்கூடாது என்று சட்டத்தரணி கேதீஸ்வரி கேட்டு, முகவரியையும் மறைத்திருந்தார்கள். வருகிற வியாழக்கிழமை அந்தக் கட்டளையை நீடிப்பதா இல்லையா என்ற விசாரணை. "வாயாலை சொன்னால் அவையள் இல்லையெண்டுவினம். திகதியோடை படம் இருந்தால் இல்லையெண்ண ஏலாது" என்று கேதீஸ்வரி சொல்லியிருந்தார்.

வினோஜா கடை மேசையில் போனை வைத்துத் தொகுப்பைத் திறந்தாள். நாலு படங்கள்தான் இருந்தன.

"பதினொண்டு எண்டனீர்?" என்றார் ஸ்ரெல்லா.

"ஓம் அக்கா. போன மாதம் எண்ணிப் பாத்தனான்."

"தவறிக் கை பட்டு அழிஞ்சிருக்கும். குப்பைக்குள்ளை கிடக்கும், பாப்பம்."

ஸ்ரெல்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தார். இப்போது மூன்று படங்கள் இருந்தன.

இரண்டு பேரும் போனைத் தொடவில்லை. அது மேசையில் அப்படியே கிடந்தது.

ஸ்ரெல்லா அழித்த படங்கள் கிடக்கும் பகுதியைத் திறந்தார். எட்டும் அங்கே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் இன்னும் எத்தனை நாளில் அடியோடு போய்விடும் என்று போட்டிருந்தது. முதலாவது படத்துக்கு இருபத்தொரு நாள். கடைசிப் படத்துக்கு முப்பது நாள்.

"பிள்ளை, இந்தக் கணக்கை உமக்கு ஆர் திறந்து தந்தது?"

"அவர்தான். கலியாணம் முடிஞ்ச கையோடை போன் வாங்கித் தரேக்கை. பாஸ்வேட்டும் அவர் போட்டதுதான். இஞ்சை வந்து புதுப் போன் வாங்கினனான், ஆனால் கடைக்காரர் பழைய கணக்கைத்தான் போட்டுத் தந்தவர். நம்பரெல்லாம் தானாய் வருமெண்டு."

ஸ்ரெல்லா எதையோ அழுத்தி, திரையை அவள் பக்கம் திருப்பினார். "இதைப் பாரும். உம்மடை கணக்கு ரெண்டு போனிலை திறந்து கிடக்கு. ஒண்டு உம்மடை கையிலை. மற்றதிலை பன்ரெண்டு நாளைக்கு முதல் போட்டிருக்கு, வவுனியாவிலை வைச்சு. நீர் இஞ்சை எடுக்கிறது அங்கையும் போய் விழும். அங்கை அழிச்சால் இஞ்சையும் அழியும்."

படங்கள் தன்னுடைய போனுக்குள் இருக்கின்றன என்றுதான் இவ்வளவு நாளும் வினோஜா நினைத்திருந்தாள். இந்த ஏழு மாதத்தில் என்னவெல்லாம் எடுத்தாள் என்று யோசித்தாள். முதலாம் வகுப்புக்குப் போன அன்று வெள்ளைச் சட்டையில் ஜெயனி, பின்னால் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை. வாடகை வீட்டுக் கேற்றில் ஏறி நின்று சிரிக்கும் ஜெயனி. கூட்டுறவுக் கடையில் சீருடையோடு அவள். பக்கத்துக் கோயில் தேர். முகவரியை நீதிமன்றம் மறைத்தது. அவளோ அதை நாளுக்கு ஒன்றாக அவன் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"அப்ப அவர் எடுக்கிறது?" என்று கேட்டாள்.

"என்ன?"

"அவர் எடுக்கிறதும் எனக்கு வருமோ?"

ஸ்ரெல்லா படங்களின் மேற்பக்கத்துக்குத் தள்ளினார். வினோஜா எடுக்காத படங்கள் நடுவில் கிடந்தன. காற்றுப்போன ஒரு ரயர். அந்த ரயரை முன்னொரு நாள் கண்டு, யாரோ வாட்சப்பில் அனுப்பியது என்று விட்டிருந்தாள். வான் வண்டி ஒன்றின் உட்பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு குகதாசன் தன்னைத் தானே எடுத்த முகம். அவன் அவளைப் பார்ப்பதற்காக இந்தக் கணக்கைத் தன் போனில் போட்டிருக்கிறான். தன்னுடைய படங்களும் அதே வழியால் அவளிடம் போகின்றன என்பது அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியாக வந்திருந்தது ஒரு பள்ளிக்கூடக் கேற். வானுக்குள் இருந்தபடி கண்ணாடிக்கு ஊடாக எடுத்தது. பெயர்ப்பலகை முழுதாகத் தெரிந்தது. இன்றைய திகதி, பன்னிரண்டு மணி எட்டு நிமிடம்.

சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு இருபது. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும்.

"கடவுளே" என்றார் ஸ்ரெல்லா. "முதலிலை பாஸ்வேட்டை மாத்துவம். அவரை வெளியிலை தள்ளுவம்."

"வேண்டாம் அக்கா!" வினோஜா போனைப் பறித்து நெஞ்சோடு பிடித்தாள். "தள்ளினால் அவர் எங்கை நிக்கிறாரெண்டு எனக்குத் தெரியாமல் போடும்."

பள்ளிக்கூட அதிபருக்குப் போன் அடித்தாள். லைன் வேலையாக இருந்தது. திரும்ப அடித்தாள். நாலாவது தரம்தான் கிடைத்தது. "ரீச்சர், நான் ஜெயனியின்ரை அம்மா. நான் வாற வரைக்கும் பிள்ளையை ஒருத்தரோடையும் விடாதேங்கோ. தகப்பனெண்டு வந்தாலும் விடாதேங்கோ. நான் வந்து விளங்கப்படுத்திறன்."

அதற்கிடையில் ஸ்ரெல்லா கடவுச்சொல்லை அவளிடம் கேட்டு, கணினியில் அவளுடைய கணக்கைத் திறந்திருந்தார். "குப்பையிலை இருந்து எடுத்தால்தான் இறக்கலாம். எடுத்தால் அவருக்கும் தெரியும். என்ன செய்யிறது?"

"எடுங்கோ. அவற்றை படங்களையும் சேத்து எடுங்கோ. பள்ளிக்கூடத்துப் படத்தையும்."

அவள் வெளியே ஓடி, சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறினாள். போகிற வழியில் பொலிசுக்கு அடித்து, கட்டளை இருப்பதையும் அவன் வந்திருப்பதையும் சொன்னாள். சொல்லி முடித்துத் திரையைப் பார்த்தபோது புதுப்படம் ஒன்று வந்திருந்தது.

அவளுடைய வீட்டுக் கேற்.

அடுத்தது கேற்றில் தொங்கிய பூட்டு, மிகக் கிட்ட வைத்து எடுத்தது. அடுத்தது முற்றத்துக் கொடிக்கயிறு. காலையில் அவள் துவைத்துப் போட்ட ஜெயனியின் மஞ்சள் சட்டை அதில் தொங்கியது. அந்தப் படம் கேற்றுக்கு உள்ளே நின்று எடுத்தது. மதில் ஏறிக் குதித்திருக்கிறான்.

"அண்ணை, கொஞ்சம் வேகமாய் ஓடுங்கோ."

"வீதி உப்பிடிக் கிடக்கு தங்கச்சி, பறக்கவோ ஏலும்" என்றார் ஓட்டோக்காரர். பிறகு கண்ணாடியில் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, வேகத்தைக் கூட்டினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் படம் ஒன்றும் வரவில்லை. சங்கானை தாண்டியபோது திரையில் இருந்த படங்கள் மேல்நோக்கி நகரத் தொடங்கின. அவள் விரல் வைக்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் என்று இருந்த எண்ணிக்கை மூவாயிரத்துச் சொச்சமானது. பிறகு இரண்டாயிரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் துணி சுற்றிக் கிடந்த ஜெயனி போனாள். முதல் பல்லோடு சிரித்த ஜெயனி போனாள். ஏடு தொடக்கிய அன்று அரிசித் தட்டுக்குள் கை வைத்து அழுத ஜெயனியும் போனாள். அந்தக் காலத்தில் வேறு யாரும் படம் எடுக்கவில்லை. அவளிடம் அச்சடித்த படம் ஒன்றுகூட இல்லை.

ஸ்ரெல்லாவின் அழைப்பு வந்தது. "பிள்ளை, எல்லாம் அழியுது! குப்பையையும் வெறுமையாக்கிறார். மாத்தட்டோ பாஸ்வேட்டை?"

"மாத்துங்கோ அக்கா, மாத்துங்கோ."

மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"விடுகுதில்லை. ஏதோ இலக்கம் கேக்குது. அந்த இலக்கம் அவற்றை போனுக்கெல்லோ போகுது." கொஞ்சம் பொறுத்து, "வெளியிலை தள்ளிப்போட்டுது" என்றார்.

வினோஜாவின் போனிலும் படங்கள் இருந்த இடத்தில் வெள்ளைத் திரை வந்தது. கடவுச்சொல்லைப் போடும்படி கேட்டது. அவளுக்குத் தெரிந்த கடவுச்சொல்லைப் போட்டாள். பிழை என்றது. அவன் எங்கே நிற்கிறான் என்று அறிய இனி அவளிடம் ஒன்றுமில்லை.

பள்ளிக்கூட வாசலில் வான் எதுவும் நிற்கவில்லை. ஓட்டோ நிற்குமுன்னே இறங்கி ஓடினாள். அதிபரின் அறையில் ஜெயனி கதிரையில் இருந்து கால்களை ஆட்டியபடி பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வினோஜா பிள்ளையைத் தூக்கவில்லை. கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அவர் வந்திட்டுப் போட்டார்" என்றார் அதிபர். "நல்ல மரியாதையாய்க் கதைச்சவர். மனிசிக்குச் சுகமில்லை, நான்தான் கூட்டிக்கொண்டு போக வந்தனான் எண்டார். நான் ஓமெண்டு சொல்லேல்லை. உடனை போனைத் திறந்து காட்டினார். ஜெயனி இந்த வாசலிலை நிண்ட படம், போன கிழமை விளையாட்டுப் போட்டியிலை ஓடின படம், வீட்டிலை சாப்பிடுற படம், எல்லாம். இதெல்லாம் தகப்பனிட்டை இல்லாமல் ஆரிட்டை இருக்கும் ரீச்சர் எண்டு சிரிச்சார்."

அதிபர் மேசையில் இருந்த பிஸ்கற் பொதியை ஜெயனியின் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் மட்டும் போன் எடுக்காட்டில், நான் பிள்ளையை அனுப்பியிருப்பன். அவ்வளவு படம் இருந்தது."

பிள்ளையை விடமாட்டேன் என்று அதிபர் சொன்னதும் அவன் கொஞ்சநேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு, "ஆர் கதைச்சதெண்டு விளங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனானாம். வாசலில் வானுக்குள் இருந்து போனைத் தட்டிக்கொண்டே இருந்தான் என்று காவலாளி சொன்னார். அந்த நேரத்தில்தான் ஓட்டோவுக்குள் அவளுடைய திரை காலியாகிக்கொண்டிருந்தது.

பொலிஸ் வந்து, எழுதி எடுத்து, அவளோடு வீட்டுக்கும் வந்தது. பூட்டு உடையவில்லை. கதவு திறக்கவில்லை. கொடிக்கயிற்றில் மற்ற உடுப்பெல்லாம் காய்ந்து கிடந்தன. மஞ்சள் சட்டை மட்டும் இல்லை. அதைப் பிடித்திருந்த இரண்டு கிளிப்பும் கயிற்றிலேயே ஒழுங்காகக் கவ்விக்கொண்டிருந்தன.

அன்றைக்கே இணுவிலில் தன் சிறிய தாயாரின் வீட்டுக்கு மாறினாள். அந்தப் போனை நிறுத்திப் பொலிசிடம் கொடுத்தாள். கூட்டுறவுக் கடைக்கு லீவு சொன்னாள். ஜெயனி ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. "அம்மா, என்னைப் படம் எடுங்கோ" என்று பிள்ளை இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் வினோஜா கேளாதவள்போல இருந்தாள்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் பதினொரு படங்களும் இருந்தன. கணக்கு பூட்டுப்படுமுன் ஸ்ரெல்லா அவற்றை இறக்கியிருந்தார். குகதாசன் எடுத்தவற்றில் ரயரும், முகமும், பள்ளிக்கூடக் கேற்றும் கிடைத்தன. வீட்டுப் படங்களைப் பிடிக்க நேரம் போதவில்லை. பள்ளிக்கூடப் படம் போதும் என்றார் கேதீஸ்வரி. நெருங்கக்கூடாது என்ற கட்டளை இருந்த நாளில், திகதியும் நேரமும் போட்டு அவனே எடுத்த படம். அவனுடைய சட்டத்தரணி எழும்பி ஏதோ சொன்னார். எடுபடவில்லை. கட்டளை ஒரு வருடத்துக்கு நீடிக்கப்பட்டது. மீறியதற்குத் தனி வழக்கும் போடப்பட்டது. குகதாசன் கையெழுத்து வைத்துப் பிணையில் வெளியே வந்தான்.

நீதிமன்ற விறாந்தையில் ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். கேதீஸ்வரி முன்னால் போய் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். குகதாசன் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, வினோஜாவைப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடி நடந்துகொண்டே சொன்னான்.

"நான் ஒண்டையும் அழிக்கேல்லை வினோ. முதலே எல்லாத்தையும் வேறை இடத்திலை மாத்தி வைச்சிட்டன். பிள்ளை பிறந்தண்டைக்கு எடுத்தது, பல்லு முளைச்சது, எல்லாம் வடிவாய்க் கிடக்கு. தேவையெண்டால் வந்து எடும். தனிய வாரும்."

குரல் மெதுவாக இருந்தது. கல்யாணம் முடிந்த புதிதில் கதைத்த குரல். அவன் நிற்கவில்லை. படிகளில் இறங்கி வெயிலுக்குள் போய்விட்டான்.

கேதீஸ்வரி திரும்பி வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"உவன் ஏதும் சொன்னவனோ?"

கட்டளையை மீறினான் என்று இப்போதே, இந்த இடத்திலேயே சொல்லலாம். சொன்னால் எழுதுவார்கள். எழுதினால் அவன் உள்ளே போகலாம். அந்தப் படங்களும் அவனோடு போகும்.

"இல்லை அக்கா" என்றாள் வினோஜா. "ஒண்டும் சொல்லேல்லை."