பதினான்காம் நிரை, ஒன்பதாம் மரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஸ்கூடாயில் இருக்கும் கஸ்தூரி, காலமான தன் அப்பா அர்ச்சுனனின் புத்தகத்துக்கு மறுபதிப்புப் போடுகிறார். இரண்டு பக்க முன்னுரை கேட்டார், ஒப்புக்கொண்டேன். மூன்று மாதமாக ஒரு வரி நகரவில்லை. அந்த எரிச்சலில் எழுதுவதுதான் இது.

2

முதல் தொடக்கம்: ‘பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த இருபது வயது அர்ச்சுனன், யாரும் சொல்லித்தராமலேயே இரகசியக் குறிகளை உடைக்கக் கற்ற மேதை—’

வேண்டாம். மேதை என்றதும் எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: 1951. வெள்ளைக்கார ஆட்சி அறிவித்த அவசரகாலம். காட்டில் கம்யூனிஸ்டுகள், தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் குற்றம். பிடிபடும் துண்டுச்சீட்டுகளை இராணுவ அதிகாரி கிராணி அர்ச்சுனனிடம் கொடுப்பார். எண்களோடு மல்லுக்கட்டிப் பதினோரு சீட்டுகளை அவர் உடைத்தார். பின்னால் அதையே புத்தகமாக எழுதிப் பெயரும் வாங்கினார்.

(இதுவரை எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. நான் சேர்த்தது கொட்டாவி மட்டும்.)

3

பன்னிரண்டாவது சீட்டுதான் என் தலைவலி. வேலியோரம் கிடந்தது. 14/9, 14/11, 22/3. கீழே, நாட்காட்டியில் இருப்பதுபோல், கருப்பாக நிரப்பிய ஒரு வட்டம். அர்ச்சுனன் பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: முதல் எண் ரப்பர் மரங்களின் நிரை, அடுத்தது அந்த நிரையில் எத்தனையாவது மரம், வட்டம் அமாவாசை. அன்று அங்கே சந்திப்பு.

சிப்பாய்கள் காத்திருந்தார்கள். விடியும் நேரத்தில் தூக்குவாளியோடு வந்த ஒருவனைச் சுட்டார்கள். புத்தகத்தின் 112ஆம் பக்கம் இப்படிச் சொல்கிறது: ‘சோறு கடத்திய கம்யூனிஸ்ட் ஒருவன் வீழ்ந்தான்.’

4

நான் முன்னுரை எழுதுவது தெரிந்து சிகாமட்டிலிருந்து அங்கம்மா என்பவர் கூப்பிட்டார். எழுபத்தேழு வயது. குரலில் துளி தடுமாற்றம் இல்லை.

“அது எங்கப்பா. மருதப்பன். எழுத்து தெரியாது, நம்பர் மட்டுந்தான் தெரியும். ஜப்பான்காரன் காலத்துல அவரோட அம்மா, அப்பா, தம்பி மூணு பேரும் செத்துட்டாங்க. நிரையிலதான் பொதைச்சாரு. கல்லு வைக்க வழியில்ல, மரத்த எண்ணி எழுதி வச்சிக்கிட்டாரு. எங்கம்மா சொன்னது இதெல்லாம். அன்னிக்கு ஆடி அமாவாசை லா. படையல் போடப் போனாரு.”

வெள்ளைக்கார அதிகாரிக்குத் தெரியாது, சரி. அர்ச்சுனனுக்குமா? அமாவாசை என்று கண்டுபிடித்தவர், அது எந்த மாதத்து அமாவாசை என்று யோசிக்கவில்லையா? அவர் வீட்டிலும் அன்று இலை போட்டிருப்பார்களே! கோபம் கோபமாக வருகிறது. (முன்னுரை எழுதுகிறவருக்குக் கோபம் வரக்கூடாது. தெரியும்.)

“நான் என்னம்மா செய்யணும்?”

“கம்யூனிஸ்ட்னு இருக்கிறத எடுத்துட்டு எங்கப்பா பேர போடச் சொல்லுங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள.”

5

கஸ்தூரியிடம் சொன்னேன். “அப்பா வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு பெக்கோக் போவாரு. கார்ல விடுறேன்னா வேணாம்பாரு. கூட்டாளியப் பார்க்கப் போறேன்னு சொல்வாரு. கையில தூக்குவாளி இருக்கும்,” என்றார்.

அப்படியானால் அர்ச்சுனனுக்குத் தெரிந்திருக்கிறது. புத்தகம் மூன்று பதிப்பு கண்டது. மூன்றிலும் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.

“மாத்தினா அப்பாவ கொலகாரன்னு சொல்வாங்க. மாத்தலன்னா…” என்றார் கஸ்தூரி.

6

முடிவு ஒன்று: கஸ்தூரி பெயரைச் சேர்க்கிறார், இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். சினிமா. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அங்கம்மா காத்திருந்தே போய்விடுகிறார். இதையும் அடித்துவிட்டேன். நேற்றுகூடக் கூப்பிட்டார், “போட்டாங்களா?” என்று.

மூன்றாவது என்னிடம் இல்லை. இன்று காலை கஸ்தூரி 112ஆம் பக்கத்தை அனுப்பியிருக்கிறார். ‘சோறு கடத்திய கம்யூனிஸ்ட் ஒருவன்’ என்பதை எடுத்துவிட்டார். அங்கே எதையும் எழுத அவருக்குக் கை வரவில்லையாம். “நீங்களே பாத்து போடுங்க,” என்கிறார். அவர் அப்பாவின் வரியில் கைவைக்க நான் யார்? எனக்கும் பயம்தான். அதனால் வந்தபடியே உங்களிடம் தருகிறேன்.

‘____________ வீழ்ந்தான்.’

பெயர் உங்களுக்குத் தெரியும்.